மாய நோயாளியும் கூட்டு வைத்தியமும்

ஆஸ்பத்திரியில் ஒருவர் பிழைத்து எழுந்தால், இன்ன டாக்டர் பிழைக்க வைத்தார் என்று ஊரார் பேசிக்கொள்வது வழக்கம். அப்பேச்சில் பிழையொன்றுமில்லை. ஆனால் அந்த நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை எண்ணிப் பார்த்தால், டாக்டர் பலரில் ஒருவரே என்பது விளங்கும். நள்ளிரவில் நாடி தளர்வதை முதலில் கண்டவர் நர்ஸ். எழுதிக்கொடுத்த மருந்து, முன்பே கொடுத்துவரும் மருந்தோடு சேராது என்று தடுத்தவர் மருந்தாளுநர். ரத்தத்தைச் சோதித்து அவசரமாகத் தகவல் அனுப்பியவர் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர். இவர்களில் ஒருவர் அறிந்த செய்தி மற்றவருக்கு உரிய காலத்தில் எட்டாமற்போனால், எல்லோரும் தத்தம் வேலையில் சமர்த்தர்களாக இருந்தும் நோயாளி இறந்துபோவது உண்டு.

இத்தனை பேர் கூடிச் செய்யவேண்டிய காரியத்துக்கு அவர்களை நாம் எவ்வாறு தயார் செய்கிறோம்? தனித்தனியே தயார் செய்கிறோம். டாக்டர்களின் படிப்பைத் தேசீய மருத்துவக் கமிஷன் வகுக்கிறது. நர்ஸுகளின் படிப்பு 1947-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட இந்திய நர்ஸிங் கௌன்ஸிலின் பொறுப்பில் வளர்ந்தது. அதற்குப் பதிலாக ஒரு தேசீய கமிஷனை நிறுவுவதற்கு 2023-ல் சட்டம் இயற்றப்பட்டது. மருந்தாளுநர் கல்விக்கு 1948-ம் வருஷத்துச் சட்டம். பரிசோதனைக்கூடத்தார் முதலிய மற்றவர்களுக்கு 2021-ல் வேறொரு சட்டம். ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்துடன் ஏற்பட்டதே. ஆயினும் பலன் என்ன? ஒரே ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் சேர்ந்து உழைக்கப்போகிறவர்கள், படிக்கும் காலத்தில் ஒரு மணி நேரமாவது ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப்பற்றி யோசித்ததில்லை என்ற நிலைமைதான் பெரும்பாலும் காணப்படுகிறது.

இக்குறை நமது தேசத்துக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் வெளியிட்ட ஒரு திட்டத்தில், பல துறை மாணவர்கள் ஒருவரைப்பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்கவேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் எடுத்துக் கூறியது. நம்மிடத்திலும் 2019-ல் புகுத்தப்பட்ட வைத்தியப் பாடத்திட்டத்தில், ஒழுக்கம், நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றோடு, வைத்தியக் கோஷ்டியில் ஒருவராக இருந்து வேலை செய்வதற்கும் இடம் தரப்பட்டது. நல்ல காரியம். ஆனால் டாக்டர் மாணவர்கள் மட்டும் கூடியிருக்கும் அறையில் கோஷ்டி வேலையைப்பற்றிப் பிரசங்கம் செய்வது, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கூடிக் கல்யாணத்தை நடத்துவது போன்றதேயாகும்.

ஒன்றாக உட்காரவைப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்ஸுகளுக்கும் 1918-ல் பெண் டாக்டர்களுக்கும் கல்வி தொடங்கினார். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரியின் நிழலில் வளர்ந்தன. எல்லா ஊர்களுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. வைத்தியக் கல்லூரி ஓர் ஊரில் இருக்கும். நர்ஸிங் கல்லூரி இன்னோர் ஊரில். மருந்தாளுநர் கல்லூரி நெடுஞ்சாலையில் எங்கோ ஓரிடத்தில். பரீக்ஷை நாட்கள் வேறு; விடுமுறை வேறு. ஆகையால்தான், தூரத்தில் இருப்பவர்களை ஒரே நோயாளியின் முன் கூட்டிவைக்கும் ஒரு முறையைப்பற்றி இன்று எழுத முன்வந்தோம். கம்ப்யூட்டர்த் திரையில் தோன்றும் நோயாளி அவர். மாய நோயாளி என்று அவரை அழைக்கலாம்.

மாய நோயாளி நேற்றுப் பிறந்தவர் அல்லர். 1960-ல் நார்வே தேசத்தில் அஸ்மண்ட் லேர்டால், மூச்சு நின்றவரைப் பிழைப்பிக்கப் பழகுவதற்கான பொம்மையை வெளியிட்டார். 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பு வைத்தியர், நடிக்கத் தெரிந்தவரை நோயாளியாகப் படுக்கவைத்து மாணவர்களைச் சோதித்தார். அதே பத்தாண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கம்ப்யூட்டரில், மேரியான் பிட்ஸர் என்ற அம்மையார், இருதய நோயாளி ஒருவரை வைத்து நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் அமைத்தார். திரையிலுள்ள நோயாளியை முதன்முதலில் வகுப்புக்குக் கொண்டுவந்தவர்களில் நர்ஸுகளுக்குக் கற்பித்த ஓர் அம்மையாரும் இருந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. 2020-ம் வருஷம் தொற்றுநோய் பரவி, உலகெங்கும் கல்லூரிகள் மூடப்பட்டு மாணவர்கள் வீடு திரும்பியபோது, அதுவரை சிலரே கையாண்ட இம்முறையைப் பல தேசத்துக் கல்லூரிகள் அவசரமாகக் கைக்கொண்டன. நமது மத்திய சுகாதார இலாகா, அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதிக்குள் வைத்தியக் கல்லூரிகளைத் திறக்குமாறு யோசனை கூறியது. கல்லூரிகள் திறந்தன, மாய நோயாளியைப்பற்றிய பேச்சும் பல இடங்களில் அத்துடன் ஓய்ந்தது. ஓயக்கூடாது என்பது நமது கட்சி.

இம்முறை எப்படி நடக்கிறது என்பதை வாசகர்களுக்கு ஓர் உதாரணத்தால் விளக்குவோம். திருநெல்வேலியில் ஒரு டாக்டர் மாணவர்; தருமபுரியில் ஒரு நர்ஸ் மாணவி; மதுரையில் ஒரு மருந்தாளுநர் மாணவர். மூவரும் குறித்த நேரத்தில் தத்தம் கருவியைத் திறக்கிறார்கள். மூவர் திரையிலும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், பிரசவமாகி ஒரு மணி நேரமான ஒரு தாயும் காணப்படுகின்றனர். நாடி நிமிஷத்துக்கு 96. ரத்த அழுத்தம் 110-க்கு 70. பார்வைக்குக் கவலை ஒன்றுமில்லை. ஆனால் நர்ஸ் மாணவியின் திரையில் மட்டும், மாற்றிய துணி மறுபடியும் நனைந்துவிட்டது என்ற செய்தி வருகிறது. டாக்டர் மாணவரின் திரையில் மட்டும், அந்தத் தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே ரத்தசோகை இருந்தது என்ற குறிப்பு இருக்கிறது. மருந்தாளுநர் மாணவருக்கு மட்டும், ரத்தப்போக்கை நிறுத்துவதற்குரிய ஆக்ஸிடோஸின் மருந்து குளிர்ப்பெட்டிக்கு வெளியே பல நாள் கிடந்தது என்பது தெரியும். வீரியம் குறைந்த மருந்தாக இருக்கலாம். ஆளுக்கு ஒரு துண்டுச் செய்தி. முழு விவரம் ஒருவரிடமும் இல்லை. கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் பேசிக்கொள்ளாவிட்டால், ஒன்பதாவது நிமிஷத்தில் நாடி 128, அழுத்தம் 84-க்கு 50.

பேசுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். யார், எப்போது, யாரிடம், என்ன சொன்னார் என்பதெல்லாம் நிமிஷக் கணக்குடன் பதிவாகிவிடுகிறது. பாடம் முடிந்தபின் ஆசிரியர் அப்பதிவைத் திறந்து எல்லோருக்கும் காட்டுகிறார். துணி நனைந்ததை நர்ஸ் மாணவி மூன்றாவது நிமிஷத்திலேயே சொல்லியிருக்கிறார். டாக்டர் மாணவர் அதற்குப் பதில் கூறியது ஒன்பதாவது நிமிஷத்தில். இடையிலுள்ள ஆறு நிமிஷம் எங்கே போயிற்று? உண்மையான பிரசவ அறையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது. கேட்டாலும் அவரவர் ஞாபகம் அவரவருக்குச் சாதகமாகவே பேசும். இங்கே ஏட்டில் எழுதியதுபோல் நிற்கிறது. யாரையும் அவமானப்படுத்தாமல், எதையும் மறைக்காமல் அந்த ஆறு நிமிஷத்தைப்பற்றிப் பேசவைப்பதே ஆசிரியரின் திறமை. படமும் யந்திரமும் அதற்கு முன்னுரைதான். பாடம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

பிரசவத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்ஸானியா ஆகிய நான்கு தேசங்களில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளிவந்தது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வெளிவரும் ரத்தத்தை அளவு குறித்த பையில் பிடித்து அளந்தார்கள். அளவு மீறியவுடன், முன்பே தெரிந்த சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் கோஷ்டியாகச் சேர்ந்து ஒரேயடியாகச் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் விளையும் கேடுகளும் 60 சதவீதம் குறைந்தன. அளந்து சொல்ல ஒருவர், சொன்னதைக் கேட்டு உடனே எழ மற்றவர்கள். இதற்குத்தான் இவ்வளவு பலன்.

சொல்வதும் கேட்பதும் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர் இருக்கலாம். 1977-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி கானரித் தீவுகளில் ஒன்றான டெனரீப் விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். கிளம்பத் தொடங்கிய விமானத்தில் இருந்த இஞ்சினீயர், எதிரேயுள்ள விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகம் கேட்டார். அனுபவத்திலும் கீர்த்தியிலும் மிகப் பெரியவரான தலைமை விமானி, விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். இஞ்சினீயர் மறுமுறை கேட்கவில்லை. இதுபோன்ற விபத்துக்களைப் பார்த்தபின், கீழே இருப்பவர் துணிந்து சொல்வதையும் மேலே இருப்பவர் நின்று கேட்பதையும் விமானிகளுக்கு ஒரு பாடமாகவே வைத்தார்கள். ஸ்டான்போர்டில் டேவிட் காபா என்ற டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கு அதே பயிற்சியைப் பொம்மை நோயாளியை வைத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

வைத்தியத்தில் அது எவ்வளவு அவசியம் என்பதை 2005-ல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு மரணம் காட்டிற்று. இளம் வயதுத் தாய் ஒருவர். மூக்கு சம்பந்தமான சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவம் மிகுந்த மூன்று டாக்டர்கள் வாய் வழியே குழாயைச் செலுத்தத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார்கள். ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிட்டு மூச்சு விடச்செய்யும் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தார். மற்றொரு நர்ஸ், தீவிர சிகிச்சைப் பகுதியில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். செய்யவேண்டியது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பது தெரியவில்லை. 13 நாட்களுக்குப்பின் அந்தத் தாய் இறந்தார். அவருடைய கணவர் மார்டின் பிராமிலி ஒரு விமானி. தமது துறையில் கட்டாயப் பாடமாக இருப்பது வைத்தியத் துறையில் இல்லையே என்று அவர் வியந்தார். யாரையும் பழிவாங்க முயலாமல், 2007-ல் இதற்கென ஒரு சங்கம் கண்டு வேலை செய்யலானார்.

சொல்லும் முறையைக் கற்பிக்கலாம் என்பதற்கு, அமெரிக்க ராணுவ இலாகாவும் சுகாதார ஆராய்ச்சி இலாகாவும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சித் திட்டம் ஒரு சான்று. அதில் மூன்று படிகள் உண்டு. எனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல்வது முதற்படி. எனக்கு மனம் ஒப்பவில்லை என்பது அடுத்தது. இதனால் நோயாளிக்கு ஆபத்து என்பது கடைசி. ஒரு முறை சொல்லியும் பதில் வராவிட்டால் மறுமுறையும் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் அதில் ஒரு விதி.

இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நமது ஆஸ்பத்திரிகளில் டாக்டர், "ஸார்" அல்லது "மேடம்", நர்ஸ், "சிஸ்டர்". "ஸார்" என்ற சொல்லுக்குப் பின்னால் "வேண்டாம்" என்ற சொல் வருவது அபூர்வம். "ஸார், பிரஷர் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கு" என்று நர்ஸ் இழுத்துச் சொல்கிறார். அந்தக் "கொஞ்சம்" மரியாதையை உத்தேசித்து வந்த சொல். கேட்கும் டாக்டரின் காதிலோ அது அளவாகப் போய் விழுகிறது. கொஞ்சந்தானே என்று அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறார். "அழுத்தம் 84, நாடி 128, துணி இரண்டு முறை நனைந்துவிட்டது, எனக்குக் கவலையாக இருக்கிறது, நீங்கள் உடனே வரவேண்டும்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் உண்டா? இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல நர்ஸுக்கு யாரும் பழக்கவில்லை. அப்படிச் சொன்னால் கோபிக்காமலிருக்க டாக்டருக்கும் யாரும் பழக்கவில்லை. தேசம் விடுதலை பெறுவதற்கு ஒத்துழையாமையைக் கற்றுத்தந்த தலைவர்கள், பயமின்றிப் பேசுவதையும் சேர்த்தே கற்றுத்தந்தார்கள். ஆஸ்பத்திரி வார்டுக்குள் அந்தப் பாடத்தின் பிற்பாதி இன்னும் நுழையவில்லை.

மாய நோயாளியின் தனிச் சிறப்பு இங்கேதான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். நோயைக் கண்டுபிடிக்கக் கற்பதற்குப் புஸ்தகமும் வார்டும் உண்டு. பெரியவரை மறுத்துப் பேசக் கற்பதற்கு வார்டு ஏற்ற இடமன்று; அங்கே தவறினால் நோயாளிக்குச் சேதம், சரியாகச் சொன்னாலும் மாணவிக்குச் சங்கடம். திரையில் இரண்டும் இல்லை. புளோரிடா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் லாக் முதலியோர் ஒரு படி மேலே சென்று, நோயாளியை மட்டுமன்றி அறுவை வைத்தியரையும் மயக்க மருந்து டாக்டரையும் மாய உருவங்களாகவே அமைத்து, உண்மையான நர்ஸுகளை அவர்களோடு பேசிப் பழகச் செய்தார்கள். கோபக்கார டாக்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் சந்திக்கலாம். அவர் அடுத்த நாள் வார்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார்!

தூரமும் ஒரு விதத்தில் நன்மையே செய்கிறது. ஒரே அறையில் கூடினால், வெள்ளைக் கோட்டு ஒரு பக்கம், சீருடை ஒரு பக்கமாகப் பிரிந்து உட்காருவார்கள். பேச்சும் ஒரு பக்கத்திலிருந்தே புறப்படும். திரையில் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் நிற்கிறது. எழுத்தில் அனுப்பிய செய்தியை, உரக்கப் பேசுகிறவர் அமுக்கிவிட முடியாது. இது பெரிய புரட்சியல்லதான். இருந்தாலும் கூச்சமுள்ள கிராமத்து மாணவிக்கு முதல் வாக்கியத்தைச் சொல்ல அவ்வளவு இடமாவது கிடைக்கிறது.

பலன் நிரூபணமாயிருக்கிறதா என்று கேட்பது நியாயமே. மாய நோயாளியைப்பற்றி நடந்த 51 சோதனைகளைத் தொகுத்து 2019-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அறிவு பெறும் விஷயத்தில் இம்முறையும் பழைய முறையும் ஏறக்குறையச் சமம் என்றும், திறமை பெறும் விஷயத்தில் இது மேல் என்றும் அது கண்டது. இவ்வாறு படித்தவர்கள் கையில் நோயாளிகள் அதிகமாகப் பிழைக்கிறார்களா என்ற கேள்விக்கு அந்தச் சோதனைகளில் போதிய விடை இல்லை. ஆனால் கோஷ்டிப் பழக்கம் உயிரைக் காக்கும் என்பதற்கு வேறிடத்தில் சான்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எல்லோரும் நின்று வாய்விட்டுச் சரிபார்க்கும் ஒரு பட்டியலை உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்தது. எட்டு நகரங்களில் அதைச் சோதித்த முடிவு 2009-ல் வெளிவந்தது. எட்டில் நமது புதுடில்லியும் ஒன்று. மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் வேலையையும் சொல்லவேண்டும் என்பது அப்பட்டியலில் ஒரு விதி. ஒரு தரம் வாய் திறந்தவர் மறுதரமும் திறப்பார் என்பதே அதன் கருத்து.

இனி, நமக்குள்ள பெரிய அச்சத்தைச் சொல்லியாகவேண்டும். இந்தத் தேசத்தில் இல்லாத நோயாளியை இருப்பதாகக் காட்டும் வித்தை சில கல்லூரி முதலாளிகளுக்கு முன்பே கைவந்ததுதான். பரிசோதகர்கள் வரும் நாளில் கூலிக்கு ஆள் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு ஒரு தடவையல்ல, பல தடவை எழுந்திருக்கிறது. அத்தகையோர் கையில் மாய நோயாளி அகப்பட்டால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியே வேண்டாம், கம்ப்யூட்டர் இருக்கிறது என்பார்கள். அமெரிக்காவில் நர்ஸிங் பரீக்ஷைகளை நடத்தும் தேசீய கௌன்ஸில் பத்துப் பள்ளிகளில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியை அவர்கள் மேற்கோள் காட்டவும் கூடும். வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை பாவனைப் பயிற்சியால் நிரப்பினாலும் மாணவிகளின் தேர்ச்சி குன்றவில்லை என்று அது கூறியது உண்மை. ஆனால் அங்கே பொம்மைகளும் நடிப்பு நோயாளிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். திரையை மட்டும் நம்பி நடந்த சோதனையன்று அது. மீதிப் பாதி நேரம் மெய்யான வார்டில் கழிந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

ஜுரத்தின் சூடு கைக்குத் தெரியவேண்டும். ரத்தத்தின் வாடை மூக்குக்குப் பழகவேண்டும். பக்கத்தில் நின்று அழும் உறவினரை விலக்கவும் தேற்றவும் தெரியவேண்டும். இவை திரையில் வாரா. ஆகையால் மாய நோயாளியுடன் கழிக்கும் நேரம் வார்டு நேரத்திலிருந்து கழிக்கப்படக் கூடாது. பிரசங்கம் கேட்கும் நேரத்திலிருந்தே எடுக்கப்படவேண்டும் என்று கமிஷன்கள் தெளிவாக விதி செய்தல் அவசியம். பிரசங்கத்தில் ஒரு மணி குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மாணவர்கள் நம்மோடு சேர்ந்து சாட்சி சொல்வார்கள்.

செலவைப்பற்றியும் மயக்கம் வேண்டாம். விலையுயர்ந்த சாமான் வாங்கினால்தான் பாடம் நடக்கும் என்ற எண்ணம் வியாபாரிகளுக்கு லாபமானது. பிரான்டோ என்ற ஸ்தாபனம், பிரசவத்தைக் காட்டும் பெரிய பொம்மைக்குப் பதிலாக, நடிக்கும் பெண் அணிந்துகொள்ளக்கூடிய தைத்த கால்சட்டை ஒன்றை வகுத்தது. பீஹாரில் நர்ஸ் வழிகாட்டிகள் அந்த ஸ்தாபனத்தின் முறையில் சுகாதார நிலையங்களிலேயே பயிற்சி நடத்தினார்கள். திரைப் பாடத்துக்கும் இது பொருந்தும். கண் சிமிட்டும் உருவங்கள் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. மாணவியின் கையிலுள்ள சாதாரணக் கைப்பேசியில் ஒரு படம், நான்கு எண்கள், எழுதிப் பேச ஓர் இடம், ஓடும் கடிகாரம் இவ்வளவு தெரிந்தால் போதும். மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும் ஊரிலிருந்து படிப்பவரை வைத்தே திட்டத்தை வகுக்கவேண்டும். சென்னைப் பட்டணத்து மாணவருக்குத் தானாகவே அது ஒத்துவரும்.

கடைசியாக, எந்த நோயாளி? ஐரோப்பாவில் 2007 முதல் 2010 வரை பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, இவிப் என்ற திட்டத்தின் கீழ் 300-க்கும் மேற்பட்ட மாய நோயாளிகளைப் பொதுச் சொத்தாகத் திரட்டின. ஒரு தேசத்து நோயாளியை மற்றொரு தேசத்து வகுப்புக்குக் கொண்டுபோகும்போது பாஷையை மட்டும் மாற்றினால் போதாது, பழக்கவழக்கம், சட்டம், ஆஸ்பத்திரி நடைமுறை யாவற்றையும் மாற்றி அமைக்கவேண்டும் என்பது அவர்களுடைய வேலையில் ஒரு பெரும் பகுதியாக இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஐரோப்பிய தேசங்களுக்கே அப்படியானால் நமக்கு எவ்வளவு வேண்டும்! இன்ஷ்யூரன்ஸ் சீட்டோடு தனியே வந்து, தன் நோயின் வரலாற்றைத் தேதி வாரியாகத் தானே சொல்லும் அமெரிக்க நோயாளி நமது மாணவருக்கு எதற்கு? நமது நோயாளி, பழைய சீட்டுக்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மூன்று பேர் துணையோடு வருகிறார். கேள்வி அவரிடம், பதில் மாமியாரிடமிருந்து. டாக்டரிடம் சொல்லாததை நர்ஸிடம் சொல்கிறார். நர்ஸிடமும் சொல்லாததை வார்டைப் பெருக்குபவரிடம் சொல்கிறார். 108 வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும், பெரிய ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்பதெல்லாம் கணக்கில் சேரவேண்டும்.

இதற்குப் பெரிய கமிட்டி வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வைத்தியப் பல்கலைக்கழகத்தின் கீழ் வைத்தியக் கல்லூரிகளும் நர்ஸிங், மருந்தாளுநர் கல்லூரிகளும் ஏராளமாக இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு மாலை எல்லாவற்றுக்கும் பொதுவான நேரம் என்று அது குறித்துவிட்டால், நான்கு சட்டங்களில் எதையும் திருத்தாமலே வேலை தொடங்கிவிடலாம். மதிப்பெண் கோஷ்டிக்குக் கொடுக்கப்படவேண்டும். நர்ஸ் மாணவி சொன்னதை டாக்டர் மாணவர் கேளாவிட்டால் இருவருக்குமே குறையவேண்டும். நடத்தும் ஆசிரியர்கள் எப்போதும் இருவராக, ஒருவர் டாக்டர், ஒருவர் நர்ஸாக இருப்பது நலம். இருவரும் மாணவர் முன்னிலையில் அபிப்பிராய பேதப்பட்டுப் பேசிக்கொள்வதையும் அவர்கள் ஒரு முறை பார்க்கட்டும்.

பாடத்துக்கான கதைகளை எழுதுவதற்கும் வெளியூர் நிபுணர்களைத் தேடவேண்டாம். நமது ஜில்லா ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் பிரசவ வார்டில் இரவுக் காவல் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸுகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தாம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட இரவுகள் அவர்களுக்கு ஞாபகமிருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றி அவற்றை எழுதித்தரச் சொல்லி, எழுதியவர் பெயரைப் பாடத்தின் மேலே அச்சிட்டு, டாக்டர் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை அவர்களுக்கும் கொடுக்கவேண்டும்.